மூன்று சக்கர வண்டிக்குக் கார் டயர் போடலாமா? காற்று எவ்வளவு பிடிக்க வேண்டும்?

பறித்த காய்கறியை உழவர் சந்தைக்கும் மண்டிக்கும் கொண்டு செல்ல, சிறு விவசாயிகள் பலர் இன்று மூன்று சக்கர சரக்கு வண்டியை நம்பியிருக்கிறார்கள். தோட்டத்துக்குள் உரமும் தழையும் இழுக்க, பழைய மோட்டார் சைக்கிளின் பின்புறம் கார் அச்சைப் பொருத்தி மூன்று சக்கர வண்டியாக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. டயர் தேய்ந்ததும் இவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான். பழைய கார் டயர் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

போடக்கூடிய இடமும் உண்டு, போடக் கூடாத இடமும் உண்டு. அதைத் தீர்மானிப்பது டயரின் விலை அன்று. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் இறங்கும் எடையே. அந்த எடை தெரிந்தால், டயரையும் தேர்ந்தெடுக்கலாம், காற்றின் அளவையும் தேர்ந்தெடுக்கலாம்.

சுமையைத் தாங்குவது எது?

காற்றடைத்த டயர் நடைமுறைக்கு வந்ததே ஒரு மூன்று சக்கர வண்டியில்தான். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காக அதைச் செய்து பார்த்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

டயரில் சுமையைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் நூல் அடுக்குகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பைதான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது, அதில் 30 பவுண்டு காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. ஆகவே தரையில் படியும் இடம் ஏறக்குறைய 143 சதுர சென்டிமீட்டர். விரல்களை நீட்டிய ஒரு கையின் அளவுக்கும் குறைவு. காற்று குறைந்தால் இந்த இடம் அகன்று, டயரின் பக்கம் மடங்கும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் டயர் சூடேறும். சூட்டில் நூல் அடுக்குகள் விட்டுப்போய், ஒருநாள் நடுச்சாலையில் வெடிக்கும்.

டயர் வண்டியில் காற்று குறைந்தால் மாடு திணறுவது கண்ணுக்குத் தெரியும். என்ஜின் திணறுவது தெரியாது. டீசல் செலவில்தான் தெரியும்.

கார் டயர் ஏன் பொருந்துகிறது?

மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்பும். அதனால்தான் அதன் டயர் முட்டை ஓடு போல வளைந்த முகம் கொண்டது. மூன்று சக்கர வண்டி சாய்வதில்லை, நிமிர்ந்தபடியே திரும்புகிறது. ஆகவே மோட்டார் சைக்கிள் டயரைப் பின்சக்கரத்தில் போட்டால் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். திரும்பும்போது பக்கவாட்டில் விழும் இழுவையும் அதற்குப் பழக்கமில்லாதது. தட்டையான முகமுள்ள கார் டயர் முழு அகலத்துக்கும் தரையில் படியும், சீராகத் தேயும். பின்சக்கரங்களுக்குக் கார் டயரை நாடுவதில் உள்ள நியாயம் இதுதான்.

ஆனால் கார் டயரைக் கார் ரிம்மில்தான் மாட்ட வேண்டும். டயரின் கம்பி விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம் காருக்கு ஒரு விதம், மோட்டார் சைக்கிளுக்கு வேறு விதம். அங்குலக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் மாற்றி மாட்டக் கூடாது. உட்காராத விளிம்பை உட்கார வைக்கக் காற்றை மேலும் மேலும் ஏற்றும்போது வெடித்து ஆளையே கொல்லக்கூடும். எனவே முன்சக்கரம் மோட்டார் சைக்கிள் ரிம்மாக இருந்தால், அதற்குரிய டயரே போட வேண்டும். இரண்டு சக்கர மோட்டார் சைக்கிளுக்குக் கார் டயர் வேண்டவே வேண்டாம்; அது சாய்ந்து திரும்பும் வண்டி.

கம்பெனி சரக்கு வண்டியில் நிலைமை வேறு. பழைய வண்டிகளில் பெரும்பாலும் 8 அல்லது 10 அங்குல ரிம்தான். இன்று கிடைக்கும் சிறிய கார் டயர் 12 அங்குலத்தில் தொடங்குகிறது. ரிம்மை மாற்றிப் பெரிய சக்கரம் போட்டால் வண்டி உயர்ந்து, கவிழும் ஆபத்து கூடும். மேடேறும் இழுவை குறையும். சக்கரம் பாடியில் உரசும். அந்த வண்டிகளுக்கு உரிய சரக்கு டயரையே வாங்குவது நல்லது.

டயரில் எழுதியுள்ள எண்

டயரின் பக்கத்தில் 145/80 ஆர் 12 74 டி என்பது போல எழுதியிருக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அகலத்தில் உயரத்தின் சதவீதம். 12 என்பது ரிம்மின் அங்குலம். அடுத்து வரும் 74 தான் நமக்கு முக்கியம். அது சுமை எண். 74 என்றால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 375 கிலோ. 69 என்றால் 325 கிலோ. 80 என்றால் 450 கிலோ. ஒரே 145 அகலம், ஒரே 12 அங்குலம் இருந்தும், 145/70 டயருக்கு 69-ம், 145/80 டயருக்கு 74-ம் இருப்பதைக் காணலாம். பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது தாங்குவதில் 50 கிலோ மாறுகிறது.

சாதாரணக் கார் டயர் அந்த முழு எடையையும் தாங்குவது சுமார் 36 பவுண்டு காற்றில். காற்று குறையக் குறையத் தாங்கும் எடையும் குறையும். சுமை எண் 74 உள்ள டயருக்குத் தோராயக் கணக்கு இது:

36 பவுண்டு - 375 கிலோ
30 பவுண்டு - 320 கிலோ
26 பவுண்டு - 290 கிலோ
22 பவுண்டு - 250 கிலோ

இது ஒரு சக்கரத்துக்கான எடை. டயர் பழையதானால் இதிலும் குறைத்தே ஏற்ற வேண்டும்.

எடையை அறிவது எப்படி?

வழக்கமான சுமையுடன் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டு செல்லுங்கள். முதலில் முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி எடை பாருங்கள். பிறகு முழு வண்டியையும் ஏற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் இரு சக்கரங்களின் எடை; அதில் பாதி ஒரு சக்கரத்துக்கு. இரண்டு தடவையும் ஓட்டுபவர் வண்டியிலேயே அமர்ந்திருக்க வேண்டும்.

தோட்டத்து வண்டி ஒன்று ஆள், சுமை உள்பட 610 கிலோ இருக்கிறது, முன்சக்கரத்தில் 130 கிலோ இறங்குகிறது என்று கொள்வோம். மீதி 480. ஒரு பின்சக்கரத்துக்கு 240 கிலோ. மேற்கண்ட கணக்குப்படி சுமை எண் 74 உள்ள டயருக்கு 24 முதல் 26 பவுண்டு போதும். இதில் 36 பவுண்டு அடித்தால் வண்டி துள்ளும், தக்காளி கன்றிப்போகும், டயரின் நடுப்பகுதி தேயும், உழுத மண்ணில் சக்கரம் புதையும்.

இதற்கு மாறாக, சுமையேற்றிய சரக்கு வண்டி 960 கிலோ, முன்னே 200 கிலோ என்றால், ஒரு பின்சக்கரத்துக்கு 380 கிலோ வருகிறது. சுமை எண் 74 உள்ள டயரே போதாது. 69 உள்ளது கட்டாயம் ஆகாது. எவ்வளவு காற்று அடித்தாலும் இந்தக் குறை தீராது. காற்றைக் கூட்டுவதால் டயரின் தாங்கும் அளவு அதில் எழுதியதற்கு மேல் உயராது. இந்த வண்டிக்கு 8 பி.ஆர். போன்ற கூடுதல் அடுக்குப் பலமுள்ள சரக்கு டயர்தான் தேவை. அதன் காற்றளவு கார் டயரைவிட அதிகம். வண்டியுடன் வந்த கையேட்டில் முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனியே குறித்திருப்பார்கள். அதன்படி பிடிக்க வேண்டும். "கார் டயர் அளவுதானே" என்று எல்லாச் சக்கரத்துக்கும் 30 பவுண்டு பிடிப்பது தவறு.

இரண்டு சோதனைகள்

கணக்கில் கிடைத்த அளவு சரிதானா என்று நீங்களே பார்க்கலாம்.

முதலாவது சாக்பீஸ் சோதனை. சுமையேற்றிய வண்டியின் டயர் முகத்தில் குறுக்கே ஒரு பட்டையான கோடு போடுங்கள். தார்ச்சாலையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு முழுவதும் சீராக அழிந்தால் காற்று சரி. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் காற்று குறைவு. இரண்டிரண்டு பவுண்டாக மாற்றிச் சரிசெய்யலாம்.

இரண்டாவது சூட்டுச் சோதனை. காலையில் வண்டி எடுக்கும் முன் காற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுமையுடன் அரை மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி அளவுங்கள். நான்கு பவுண்டு வரை ஏறியிருந்தால் சரி. ஆறு, ஏழு என்று ஏறினால் டயர் அதிகம் மடங்கிச் சூடேறுகிறது என்று பொருள். மறுநாள் காலையில் இரண்டு பவுண்டு கூட்டிப் பாருங்கள். டயருக்குரிய உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அப்போதும் குறையாவிட்டால் சுமையைக் குறையுங்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் அது குறைவாகிவிடும். வெப்பம் 10 டிகிரி ஏறினாலே சுமார் ஒன்றரை பவுண்டு கூடும் என்பதால், காற்று பார்க்க உகந்த நேரம் அதிகாலை.

சேற்றிலும் மணலிலும் போகக் காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. டயர் அகன்று படிவதால் மண் இறுகுவதும் குறையும். ஆனால் கார் டயரில் 20 பவுண்டுக்குக் கீழே இறக்க வேண்டாம். திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலைக்கு ஏறும் முன் மறுபடி காற்று பிடித்தாக வேண்டும்.

மூன்று சக்கரத்தின் தனிக் குணம்

நான்கு சக்கர வண்டி ஒரு காற்றுக் குறைவைப் பொறுக்கும். மூன்று சக்கர வண்டி பொறுக்காது. பின்சக்கரங்களில் ஒன்றில் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், சாயும். வளைவில் பிரேக் போட்டால் எடை முன்னோக்கிப் பாய்கிறது; முன்னே ஓரத்தில் தாங்கச் சக்கரம் இல்லை; வண்டி கவிழ்கிறது. ஆகவே பின் இரண்டு டயர்களும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே காற்று என்று இருக்க வேண்டும். ரேடியல் ஒரு பக்கம், சாதா டயர் ஒரு பக்கம் என்று கலக்கக் கூடாது.

சுமையைத் தாழ்வாகவும் நடுவாகவும், பின் அச்சுக்குச் சற்று முன்னே கனம் இருக்கும்படியும் அடுக்குங்கள். அச்சுக்குப் பின்னால் கனம் போனால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் திருப்பியும் வண்டி திரும்பாது.

பழைய டயர் வாங்கும்போது

பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. முகம் புதிதுபோல் இருந்தாலும், பக்கத்தில் வெடிப்பும் புடைப்பும் இருந்தால் தள்ளிவிடுங்கள். உள்பக்கம் கை விட்டுத் தடவிப் பாருங்கள். வட்டமாகக் கருகிய கோடோ ரப்பர் தூளோ இருந்தால் அது காற்றில்லாமல் ஓடிய டயர்.

சரக்கு வண்டிகள் சிலவற்றில் ரிம் இரண்டு பாதியாகப் பிரியும். அந்தப் போல்ட்டுகளைத் தொடுமுன் வால்வைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கிவிட வேண்டும். காற்றுடன் கழற்றினால் ரிம் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மோட்டார் சைக்கிளை மாற்றிச் செய்த மூன்று சக்கர வண்டி தோட்டத்துக்குள் உழைக்கட்டும், பொதுச்சாலைக்கு வேண்டாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையும் சிக்கலாகும்.

காற்றளவு பார்க்கும் கேஜ் ஒன்றும் கால் பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை, சுமையேற்றும் நாளில் கட்டாயமாக, அதிகாலையில் மூன்று சக்கரங்களையும் அளந்துவிட்டு, வால்வு மூடியைத் திருகிவிட்டுக் கிளம்புங்கள்.