சாம்பார் நிறமும் நாய் குணமும்

"எங்கள் நாய்க்கு அப்பன் யாரென்று தெரியாது. தலை அகலமாக இருப்பதால் தெருவே அதைப் பிட்புல் என்கிறது. பால்காரர் படியேறுவதில்லை. இது கடிக்கிற சாதிதானா சார்?" என்று கேட்கிறார் திண்டிவனம் வாசகர் ஒருவர். 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் தடை போட்டாலும் போட்டது, விழுப்புரம் வரைக்கும் அகலத் தலை நாய்களுக்கெல்லாம் கெட்ட பெயர்.

இதற்கு முன்பும் ஒரு பட்டியல் வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 'மூர்க்க' இனங்களைத் தடைசெய்யச் சொன்னது. அதில் ஜப்பானின் டோசா இரண்டு இடத்தில் இருந்தது. 'டெரியர்' என்ற ஒற்றைச் சொல், மடியில் அடங்கும் குட்டி நாய்களையும் சேர்த்து வளைத்தது. அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தன.

வரலாறு கொஞ்சம் போதும். லண்டனில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். இன்றைய சாதி நாய்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் அழகுப் போட்டிக்காக வடித்தெடுத்தவை. அதாவது, தேர்வு நடந்தது தோற்றத்துக்கு.

சுவாரசியமே இங்கேதான். தோற்றத்தை ஆள்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய மரபணுக்கள். எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் நகல் ஒன்று இடம் மாறி ஒட்டிக்கொண்டதில் டாக்ஸ்ஹண்டுக்குக் கால் குட்டையானது. நாய் ரோமத்தின் பெரும்பாலான வகைகளுக்கு மூன்றே மரபணுக்கள் போதும்.

குணம் வேறு கதை. சாம்பாரில் மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை கூடினால் நிறம் மாறியதை எட்ட நின்றே சொல்லிவிடலாம். ருசி அப்படியா? பருப்பு வெந்த பதம், புளியின் பழமை, பெருங்காயம், அடுப்புச் சூடு எல்லாம் சேர்ந்தது அது. குணத்திலும் ஏராளமான மரபணுக்கள் ஆளுக்குக் கடுகளவு போடுகின்றன. குட்டியில் பழகிய மனிதர்களும், நாளெல்லாம் கட்டிப்போட்ட சங்கிலியும் அடுப்புச் சூடு. கல்லெறியும் பையன், அளவு தெரியாமல் மிளகாய்த்தூள் கொட்டுபவன். இதற்கு மேல் கொதிக்கவிட்டால் உவமை வற்றிவிடும்.

2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, 18,385 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,155 நாய்களின் டிஎன்ஏவையும் படித்தது. நாய்க்கு நாய் மாறும் குணத்தில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம். சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதில் இனம் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. பதில் சொன்னவர்கள் வளர்ப்பவர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக 'எல்லாம் வளர்ப்பில்தான்' என்ற எதிர்க்கூச்சலையும் நம்ப வேண்டாம். ஒன்பது பூஜ்யமல்ல. தாடையின் அகலம் தோற்றத்தைச் சேர்ந்தது; அது இனத்தோடேயே வருகிறது. பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிது.

உங்கள் தெரு அதைப் பிட்புல் என்கிறதே, அதுவும் சந்தேகம்தான். ஃபுளோரிடாவில் காப்பக ஊழியர்கள் 120 நாய்களில் ஏறத்தாழப் பாதியைப் பிட்புல் என்றார்கள். டிஎன்ஏ சோதனையில் அந்த 120இல் பிட்புல் வம்சம் தெரிந்தது 25இல் மட்டும். தினமும் நாயோடு புழங்குபவர்களே இப்படி.

ஆனால் பால்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தச் சாதியானாலும், பழகாத நாய் உள்ள வீட்டில், வீட்டுக்காரர் வந்து பிடித்துக்கொள்ளும்வரை வாசலிலேயே நிற்பதுதான் புத்தி.