இரண்டு டெல்டா, ஒரே எழுத்து!



டெல்டா என்றதும் நமக்குக் காவிரியும் குறுவை, சம்பாவும்தான் ஞாபகம் வரும். டெல்டா என்பது முக்கோண வடிவமுள்ள ஒரு கிரேக்க எழுத்து. ஆறு கிளை பிரிஞ்சு கடலில் சேரும் நிலமும் முக்கோணமா இருப்பதால் அந்தப் பேர் வந்தது. கணக்குப் பாடத்தில் அதே எழுத்துக்கு ‘மாற்றம்’ என்று அர்த்தம். இந்த இரண்டாவது டெல்டாவை வெச்சு வேலை செய்யும் ஒரு கம்ப்யூட்டர் கருவியைப் பற்றித்தான் எழுதுறேன்.

அதன் பேர் ஆர்சிங்க். தூரத்தில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்பும். மவுஸ் வேண்டாம், ஒரு வரி கட்டளையை டைப் செய்தால் போதும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் உருவாக்கி 1996-இல் வெளியிட்டார்கள். இலவசம்!

எஸ்.சி.பி. மாதிரி சாதாரண கருவியில், 100 எம்.பி. ஃபைலில் ஒரு வரி மாறினாலும் 100 எம்.பி.யும் திரும்பப் போகணும். ஆர்சிங்க் அப்படி இல்லை. நடவு முடிஞ்ச வயலில் நாத்து கரைஞ்சுபோன இடத்தில் மட்டும்தானே மறுபடி நடுவாங்க? வயல் முழுக்கவா பிடுங்கி நடுவாங்க? அதே முறைதான்.

எந்த இடம்னு எப்படித் தெரியும்? பெறும் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள பழைய ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் கம்ப்யூட்டர் அந்த எண்களைப் புது ஃபைலோடு ஒப்பிடும். ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதால், நடுவில் ஒரு வரி புதுசா நுழைஞ்சாலும் குழம்பாது. ஒத்துப்போகாத பகுதி மட்டும் போகும்.

இது நமக்கு எதுக்கு? 2018 நவம்பரில் கஜா புயல் அடிச்சப்போ நம்ம மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீடுகளில் மழை உள்ளே வந்தது. நனைஞ்ச கம்ப்யூட்டரில் மட்டுமே ஒரு போட்டோ இருந்தால், அதோடு சரி! வெளியூரில் ஒரு பிரதி இருந்தால் தப்பிக்கும். மாறினது மட்டும் போவதால், மெதுவான நெட்டிலும் தினமும் அந்தப் பிரதியைப் புதுப்பிக்கலாம். கட்டளையில் ‘பார்ஷியல்’ சேர்த்தால், நடுவில் நெட் கட் ஆனாலும் அதுவரை போனது வீணாகாது.

எச்சரிக்கை! ‘டெலீட்’ சேர்த்தால், இங்கே இல்லாத ஃபைலை அங்கேயும் அழிச்சிடும். அதனால் முதலில் ‘டிரை ரன்’ போட்டுப் பாருங்க. எதையும் மாற்றாமல், என்ன செய்யப் போகுதுன்னு மட்டும் காட்டும்.

உங்க வீட்டுப் போட்டோக்கள் எத்தனை இடத்தில் இருக்கு? இன்னைக்கே எண்ணிப் பாருங்க!

– 11-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு