மத்தியும் கருவாடும் ஒன்றல்ல

மலைத் தோட்டங்களுக்குக் கடல் கருவாடாகத்தான் ஏறி வருகிறது. அகத்தியமலைச் சரிவில், பேப்பாறைக் காடுகளை ஒட்டிய தேயிலை ஊரான போனக்காட்டுக்கும் அதே கதைதான்: பச்சை மீனுக்கு ஐஸும் வண்டியும் வேண்டும், கருவாட்டுக்கு உறியோ டப்பாவோ போதும். ஆனால் மீன் புற்றுநோயிலிருந்து குடலைக் காக்குமா என்று கேட்டால், இந்த இரண்டுக்கும் விடை வேறு வேறு.

மீனுக்கு ஆதரவான சாட்சி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பத்து நாடுகளில் சுமார் 4,78,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 80 கிராமுக்கு மேல் மீன் உண்டவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அபாயம், 10 கிராமுக்கும் குறைவாக உண்டவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. மத்தி போன்ற கொழுப்பு மீன்களில் உள்ள ஒமேகா-3, குடலின் அழற்சியைத் தணிப்பது ஒரு காரணமாகலாம். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியின் சிவப்புக்குக் காரணமான ஹீம் இரும்பு குடலில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகத் துணைபோகிறது. மீனில் அது குறைவு. ஆகவே, தட்டில் எதன் இடத்தை மீன் பிடித்தது என்பதும் கணக்கில் வரும். மீன் எண்ணெயை மட்டும் பிரித்துக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. 25,871 அமெரிக்கர்களிடம் நடந்த சோதனையில் தினம் ஒரு கிராம் மாத்திரை, ஐந்தாண்டு கழித்தும் புற்றுநோயைக் குறைக்கவில்லை. மாத்திரைக்குச் செலவழிப்பதைவிட மத்தி வாங்குவதே மேல் என்பேன்.

உப்பில் உலர்ந்த மீனின் வேதியியல் வேறு. அதன் அமீன்கள் நைட்ரைட்டோடு சேர்ந்து நைட்ரோசமீன்களாக மாறக்கூடும். மிகுந்த உப்போ இரைப்பையின் சளிப்படலத்தைச் சிதைத்து, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு வழிவிடுகிறது. சீனமுறை உப்பு மீனை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு முக்கியமாக மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கானது. பதப்படுத்தும் முறையும் வேறு என்பதால் நம் கருவாட்டின் மேல் அதை அப்படியே ஏற்றுவது நியாயமல்ல. ஆனால் உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. தினமும் கருவாடு என்பது கவலைக்குரியதுதான். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிக் குழம்பு வைக்கும் நம் பாட்டிமார் வழக்கம் உப்பைப் பெருமளவு குறைக்கும்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 2000இல் வெளியிட்ட இரைப்பைப் புற்றுநோய் ஆய்வு வேறு இரண்டையும் சுட்டியது: உணவைக் கொதிக்கக் கொதிக்க உண்ணும் பழக்கமும் மிளகாயும். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016இல் முன்சொன்ன சர்வதேச முகமை சொன்னது. தேயிலை விளையும் ஊரில் இது முக்கியமான செய்தி. குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. சாயாவை ஆற்றிக் குடிக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் பெரிய கேடு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை. அதை விடாதவருக்கு எந்த மீனும் ஈடு செய்யாது.