பூச்சியும் ஒரு பயிரா?

முதல் மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைக் காணாத கமக்காரர் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் விளக்கின் கீழே தண்ணீர்ச் சட்டி வைத்து ஈசல் பிடித்து, இறகு நீக்கி, அரிசியோடு வறுத்து உண்பார்கள். "இல்லாத காலத்துச் சாப்பாடு" என்று அதைச் சற்றுக் கூச்சத்துடன் சொல்வோரும் உண்டு. இன்றோ, அவ்வாறான உணவு நாடு விட்டு நாடு போகும் வியாபாரப் பொருளாகிவிட்டது. காணியை இழந்து, வீட்டைச் சுற்றிய சில பேர்ச் நிலத்தை மட்டும் நம்பியிருக்கும் எமது குடும்பங்களுக்கு இதில் ஏதும் உண்டா என்று ஆராய்வது பயனுள்ளது.

கண்டியின் பழைய சாட்சி

பூச்சி உண்பது எமது மலைநாட்டுக்குப் புதியதல்ல. 1660இல் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தவர் றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். எலதெத்த என்னும் ஊரில் காணி வாங்கி வீடு கட்டி அவர் வாழ்ந்தார். 1681இல் வெளியான தமது நூலில், இங்குள்ள மக்கள் மரத்தில் தொங்கும் தேனீக் கூட்டத்தின் கீழ் தீப்பந்தம் பிடித்து, விழும் தேனீக்களை எடுத்துச் சென்று அவித்து விருப்பமாக உண்டதை எழுதியிருக்கிறார்.

திருமறையிலும் இதற்கு இடமுண்டு. திருமுழுக்கு யோவான் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு வாழ்ந்ததை மத்தேயு நற்செய்தி கூறுகின்றது. லேவியர் நூலும் வெட்டுக்கிளி வகைகளை உண்ண அனுமதிக்கின்றது. ஆகவே இதனை இழிந்த உணவு என எண்ண வேண்டியதில்லை.

தாய்லாந்தின் அனுபவம்

உலக உணவு விவசாய நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, உண்ணப்படும் பூச்சியினங்கள் 1,900க்கு மேல் எனக் கணக்கிட்டது. இவற்றை வளர்ப்பதில் முன்னிற்கும் நாடுகளுள் ஒன்று தாய்லாந்து. கொன் கென் பல்கலைக்கழகத்தார் சுவர்க்கோழி எனப்படும் பூச்சியை வளர்க்கும் முறையை 1998இல் கமக்காரருக்குக் கற்பித்தனர். 2013 அளவில் ஏறத்தாழ 20,000 பேர் அதனை வளர்த்தனர். சீமெந்துக் கல்லால் கட்டிய தொட்டி, முட்டை அடுக்கும் அட்டை, தண்ணீர், தீவனம் ஆகியவையே தேவை. சுமார் 45 நாளில் அறுவடை. நிலம் குறைந்தவருக்கு ஏற்ற தொழில்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவர்க்கோழிக்கு அங்கு கொடுப்பது பெரும்பாலும் கடையில் வாங்கும் கோழித்தீவனம். செலவில் பெரும் பங்கு அதற்கே போகின்றது. 2022இல் தீவனத் தட்டுப்பாட்டால் எமது நாட்டுக் கோழிப் பண்ணைகள் பட்ட பாட்டையும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியதையும் நாம் மறக்கவில்லை. தீவனத்தை விலைக்கு வாங்குபவன் தீவனக்காரனின் கையில் இருக்கிறான்.

சந்தையின் கதவு

ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் பூச்சியைப் புதுவகை உணவாகக் கருதி, ஒவ்வோர் இனத்துக்கும் தனி அனுமதி கேட்கின்றது. முதல் அனுமதி 2021இல் உலர்ந்த மாவுப்புழுவுக்குக் கிடைத்தது. அனுமதி பெற்ற நாடுகளிலிருந்து மட்டுமே அங்கு பூச்சி அனுப்பலாம். சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 இனங்களை அனுமதித்தது. அங்கும் வளர்ப்பு முறைக்கும் தூய்மைக்கும் கடுமையான நிபந்தனைகள் உண்டு. பெருமுதலுடன் இறங்கியவர்களும் தடுமாறினர். பிரான்சின் இன்செக்ட் என்னும் பெரிய நிறுவனம் 2024இல் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேடியது.

காட்டிலிருந்து அள்ளி அனுப்புவதில் இன்னொரு ஆபத்து இருக்கின்றது. இந்தியா தவளைக் கால்களைப் பெருமளவில் வெளிநாடுகளுக்கு அனுப்பி வந்தது. வயலில் பூச்சியைத் தின்னும் தவளை குறைவதால் கமத்துக்கே கேடு என்ற அச்சம் எழ, 1987இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. இலாபம் வியாபாரிக்கு, நட்டம் வயலுக்கு என்பதே அதன் பாடம்.

எமக்கு ஏற்றது எது?

விக்ரோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் 1980களில் நீரில் அமிழ்ந்தது. காணி இழந்து வேறிடத்தில் குடியேறியவர்கள், பெரிய வாக்குறுதிகளை எளிதில் நம்பக்கூடாது என்பதை அனுபவத்தால் அறிவார்கள். எனவே ஏற்றுமதிக் கனவுக்கு முன்பு வீட்டுக்குப் பயன்படுவதைப் பார்ப்போம்.

கருஞ்சிப்பாய் ஈ எனப்படும் ஓர் ஈயின் புழுக்கள் சமையலறைக் கழிவையும் அழுகிய பழத்தையும் தின்று கொழுக்கும். அவை கோழிக்கு நல்ல புரத உணவு. இந்த ஈ, வீட்டு ஈயைப் போல் எமது உணவைத் தேடி மொய்ப்பதில்லை. மூடியுள்ள வாளி ஒன்றின் அடியில் நீர் வடியத் துளையிட்டு, ஈ நுழைய மேலே இடைவெளி விட்டுக் கழிவை இட்டால் போதும். நாசினி தெளித்த இலையையும் மருந்து கலந்த கழிவையும் இடக்கூடாது. வளர்ந்த புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குக் கொடுக்கலாம். தீவனத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு வீட்டில் தங்கும். எஞ்சிய கழிவு மக்கிய பின் மரக்கறிப் பாத்திக்குப் பசளையாகும்.

தேனீப் பெட்டி மற்றொரு வழி. அது வைக்க ஒரு மர நிழல் போதும். தேனுக்கு ஊரிலேயே விலை உண்டு. பக்கத்துத் தோட்டங்களின் காயும் கூடும்.

பூச்சியை உண்ண விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம். நாசினி தெளித்த வயலில் பிடித்ததை உண்ணவே கூடாது.

யாரேனும் வந்து, "பூச்சி வளருங்கள், நாங்கள் வாங்குகிறோம்" என்றால், கடன் எடுக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த நாட்டுக்கு விற்பீர்கள்? அதற்கான அனுமதிக் கடிதம் எங்கே? குஞ்சுக்கும் தீவனத்துக்கும் முற்பணம் யார் தருவது? வாங்காமல் விட்டால் நட்டம் யாருடையது? நான்குக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம்.