திடீர் உழைப்பும் உடலின் வரவு செலவும்

சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்வையிடுவதே நமது அன்றாட அலுவல். ஆயினும், மரவள்ளி அறுவடைக் காலமொன்றில் கெங்கவல்லிப் பக்கம் சென்றிருந்தபோது, ஏட்டில் இடம்பெறாத ஒரு கணக்கைக் காண நேர்ந்தது. குழித்தறியில் அமர்ந்தே பழகிய இளம் நெசவாளர் ஒருவர், தறிக்குப் பாவு கிடைக்காத வாரத்தில் கிழங்கு மூட்டை ஏற்றும் கூலிக்குச் சென்றார். வெயிலில், பழகிய ஆட்களோடு போட்டியிட்டு ஏற்றினார். மறுநாள் தோளும் தொடையும் வீங்கி வலித்தன. அதற்கடுத்த நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கிற்று. "உடல் சூடு, இளநீர் குடித்தால் தீரும்" என்றனர் வீட்டார். சங்கச் செயலாளர் அவ்வாறு விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதால் அவர் பிழைத்தார்.

இதன் காரணத்தை அங்கத்தினர் யாவரும் அறிதல் நன்று.

நீர் நீங்கலாக நம் தசையின் பெரும்பகுதி புரதமே. சுமை தூக்குதல், விரைந்தோடுதல் போன்ற குறுகிய நேரக் கடும் உழைப்பின்போது இரத்தத்திலுள்ள நீரில் ஒரு பகுதி உழைக்கும் தசைக்குள் செல்கிறது. இரத்தத்தின் தெளிநீரில் 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் இருப்பது இயல்பு. நீர் குறைவதால் இவ்வளவு சற்று உயர்ந்து தோன்றும். புரதம் பெருகிவிட்டதென எண்ணலாகாது. ஓய்வு கொண்டால் பழைய நிலை திரும்பும்.

தசையிலோ, உழைக்கும்போது புதுப் புரதம் உருவாவது தளர்கிறது. ஓய்வின்போது அவ்வேலை விரைவடைந்து ஒரு நாளுக்கு மேலும் தொடர்வதுண்டு. உழைப்பு செலவு, ஓய்வும் உணவும் வரவு. இவ்விரண்டும் பொருந்தினால் தசை வலுப்பெறும்.

நிற்க. பழக்கமற்ற உழைப்பு அளவு மீறினால் தசையிழைகள் சிதைகின்றன. கிரியேட்டின் கைனேஸ், மயோகுளோபின் என்னும் புரதங்கள் இரத்தத்தில் கசிகின்றன. சிறுநீரைக் கருக்கச் செய்வது மயோகுளோபினே. அது மிகுந்தால் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். 1941-ஆம் ஆண்டில், லண்டன் நகரக் குண்டுவீச்சில் இடிபாடுகளில் நசுங்கியோருக்குச் சிறுநீரகம் பழுதுற்றதை பைவாட்டர்ஸ், பீல் என்னும் இருவர் எழுதி வைத்தனர். நசுங்கிய தசைக்கு நேர்ந்ததே, மிதமிஞ்சி உழைத்த தசைக்கும் நேரலாம்.

ஆகவே, புதிதாகச் சுமை வேலைக்குச் செல்வோர் முதல் நாள் சிறிதளவே செய்து, படிப்படியாகக் கூட்டுக. ஒருமுறை அளவோடு பழகிய தசை மறுமுறை அவ்வளவு சிதைவதில்லை. இடையிடையே நிழலில் அமர்ந்து நீர் அருந்துக. சிறுநீர் கருத்தால் ஒரு வேளையும் தாமதியாது மருத்துவரிடம் செல்க. வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குவது சிறுநீரகத்துக்கு மேலும் கேடு.

உணவையும் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவையென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். நம் வட்டாரத்தில் மலிந்த மரவள்ளிக் கிழங்கில் 100 கிராமுக்குப் புரதம் ஒரு கிராமைச் சிறிதே தாண்டும். நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. கிழங்கோடு பருப்பும் கடலையும், இயன்றால் முட்டையும் சேர்க.

கையிருப்பை மீறிக் கடன் வழங்கும் சங்கம் நலிவது நாம் கண்டதே. உடலுக்கும் அவ்விதியே பொருந்தும்.