குதிரை வாங்கினால் மட்டும் போதுமா?



சமீபத்திய குழுக் கூட்டங்களில் புதுசாக இரண்டு கேள்விகள் வந்தன. "என் மவன் குதிரை வேலைக்குப் போறேங்கான், அதுல பொழைப்பு உண்டா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். "குதிரை வாங்கக் கடன் கேட்டா குழுவுல கொடுக்கலாமா?" என்று இன்னொருவர் கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து இந்த மாதம் பதில் சொல்கிறோம்.

நம்ம முத்துக்குளிக்கும் கடற்கரைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

பழையகாயலில் இறங்கிய குதிரைகள்

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில் பழையகாயல் இருக்கிறது. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு அது பாண்டிய நாட்டின் பெரிய துறைமுகம். பிறகு தாமிரபரணி கொண்டுவந்த மண் படிந்து கடல் விலகிப் போனது. அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. நம் நாட்டில் நல்ல போர்க்குதிரை கிடைக்காததால் அரபு, பாரசீக நாடுகளில் இருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின.

வாசாஃப் என்ற பாரசீக வரலாற்று ஆசிரியர் அந்த வியாபாரக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். ஒரு வணிகரின் ஏற்பாட்டில் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள். ஒவ்வொன்றும் 220 பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் அரசுக் கஜானாவில் இருந்தே பணம் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்!

1292-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கரைக்கு வந்த இத்தாலிய வணிகர் மார்க்கோ போலோ இன்னொரு செய்தியும் சொல்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரை வாங்குவாராம், அவர் சகோதரர்களும் அதேபோல் வாங்குவார்களாம். ஆனால் ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் கட்டத் தெரிந்தவர்களை வெளிநாட்டு வியாபாரிகள் இங்கே வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

பாசம் இருந்தது, விவரம் இல்லை

அந்தக் குதிரைகளைப் பட்டினி போட்டார்களா? இல்லை. சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துப் போட்டதாக மார்க்கோ போலோ எழுதுகிறார். வறுத்த தானியம், நெய் சேர்த்த தீனி, காய்ச்சிய பசும்பால் கொடுத்ததாக வாசாஃப் எழுதுகிறார். ராஜ உபசாரம்தான்! ஆனால் குதிரையின் வயிற்றுக்கு அது ஆகாது. நம் ஊர் வெக்கையும் அவற்றுக்குப் புதிது.

இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. குதிரை மாடு மாதிரி அசை போடுவதில்லை. உடம்பு பெரிசு, இரைப்பை சிறிசு. பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காக அமைந்த வயிறு அது. முக்கியமாக, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான தீனி உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. வயிற்று நோவு வந்து குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இதை டாக்டர்கள் 'கோலிக்' என்கிறார்கள்.

தினமும் கவனிக்க வேண்டியவை

1. புல்தான் முதல் உணவு. பச்சைப்புல்லும் காய்ந்த புல்லும் நாள் முழுக்கக் கிடைக்க வேண்டும். கொள்ளு, தவிடு எல்லாம் அளவோடுதான். தீனியை மாற்றும்போது ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெதுவாக மாற்றுங்கள்.

2. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு வேண்டாம். மாட்டுத் தீவனம், கோழித் தீவனமும் வேண்டாம். சில தீவனங்களில் சேர்க்கும் 'மோனென்சின்' என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும்.

3. நம் பகுதி கடற்கரை மணல், தேரி மணல். தரையில் தீனி போட்டால் மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். தொட்டியில் போடுங்கள். சந்தேகம் இருந்தால், தரையில் படாத லத்தியை எடுத்து ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். உப்புக் கட்டியும் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் வேலை வாங்கக் கூடாது.

5. குளம்பைத் தினமும் தூக்கிப் பார்த்து, கல்லையும் சேற்றையும் எடுக்க வேண்டும். சுமார் 6 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்ற வேண்டும்.

6. ஆணி குத்தினால் ரண ஜன்னி வரும். மற்ற கால்நடைகளைவிடக் குதிரைக்கு அது சீக்கிரம் வரும். அதற்கும் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பூசி கட்டாயம்.

கழுதை வைத்திருக்கும் சகோதரிகளும் இதைக் கவனியுங்கள். கழுதை வலியை வெளியே காட்டாது. தீனி எடுக்காமல் சும்மா நின்றாலே ஏதோ நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து அறிகுறிகள்

தீனி மறுப்பது, காலால் மண்ணைப் பறிப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையில் புரளுவது, லத்தி போடாமல் இருப்பது. இவை வயிற்று நோவின் அறிகுறிகள். உடனே தீனியை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வாய் வழியாக எண்ணெய், கஷாயம் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மூக்கில் கெட்டியான சளி, தோலில் புண் இருந்தால் 'கிளாண்டர்ஸ்' நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். மறைக்காமல் கால்நடை மருத்துவமனையில் சொல்லுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வேலை உண்டா?

உண்டு. சென்னையில் போலீஸ் குதிரைப்படை இருக்கிறது. ராணுவத்தில் குதிரை, நாய்களைப் பராமரிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. பெரிய ஊர்களில் சவாரிப் பள்ளிகள், கொடைக்கானலில் சுற்றுலாக் குதிரைகள் இருக்கின்றன. ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசிகூடக் குதிரை ரத்தத்தில் இருந்துதான் தயாராகிறது. அதற்கும் குதிரை வளர்க்கத்தானே வேண்டும்? சவாரி மட்டும் தெரிந்தவரைவிட, லாடம் கட்டவும் நோய் கண்டுபிடிக்கவும் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். பிளஸ் டூ அறிவியல் படிக்கும் மகளோ மகனோ இருந்தால் கால்நடை மருத்துவமும் படிக்கலாம். திருநெல்வேலியிலேயே 2012 முதல் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கடன் கொடுக்கலாமா?

யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிக்கலாமா? குதிரை விலையை மட்டும் பார்த்துக் கடன் தீர்மானம் எழுத வேண்டாம். ஆறு மாதத் தீனி, லாடம், தடுப்பூசி, நிழலான கொட்டகை, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். "பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் யார்?" என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லை என்றால், முதலில் ஒரு லாயத்தில் சேர்ந்து வேலை பழகி வரட்டும். கடனைப் பிறகு பார்க்கலாம்.

செத்த குதிரைக்கும் விலை கொடுக்கப் பாண்டியரிடம் கஜானா இருந்தது. நம்மிடம் இருப்பது வாரச் சேமிப்பு. அதனால் நாம் முதலில் பராமரிப்பைக் கற்றுக்கொள்வோம், பிறகு குதிரை வாங்குவோம்!