வன்னிக்கும் ஒரு குளிர்காலம் உண்டு

கோவாவும் கரட்டும் பீற்றூட்டும் மலைநாட்டுக்கே உரியவை என்ற எண்ணம் வன்னியில் ஊறிப்போயிருக்கிறது. நுவரெலியாவில் பிடுங்கிய கரட் தம்புள்ளையில் கைமாறி, ஏ-9 வீதியால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்கிறது. வாடலுக்கும் லொறிக்கூலிக்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம். 1,800 மீற்றருக்கு மேலுள்ள ஊரில் ஆண்டு முழுக்க இருக்கும் குளிர் நமக்கு வாய்க்காது. ஆனால் மார்கழி, தை இரவுகளில் இங்கும் வெப்பம் 20 பாகையை ஒட்டி இறங்குகிறது. உருளைக்கிழங்கு விழுவதற்கு அந்த இரவுகள் போதும் என்பதற்கு யாழ்ப்பாணத் தோட்டங்களே சாட்சி. கார்த்திகை, மார்கழியில் நட்டு, மாசி, பங்குனியில் கிண்டி எடுக்கிறார்கள்.

காலபோகத்தில் நெல்லை விட்டுவிட்டு மரக்கறியா என்று கேட்பார்கள். இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் உள்ள வயல் நெல்லுக்கே இருக்கட்டும். நான் சொல்வது உழுந்தும் கச்சானும் விளையும் மேட்டுக்காணியை. மாரிமழை நாற்றை அழுக வைத்துவிடும் என்பதுதான் உண்மையான சிக்கல். அதற்கு நாற்றுமேடையைச் சாண் உயரத்துக்கு உயர்த்தி, வாய்க்கால் வெட்டி, மழை நேரத்தில் மேலே கிடுகு போட வேண்டும். மழை குறையும்போது நாற்றைப் பிடுங்கி நட்டால் கோவா குளிருக்குள்ளேயே முட்டி கட்டிவிடும். வெப்பம் தாங்கும் இனங்களும் இப்போது உண்டு. கரட்டை மட்டும் எல்லோருக்கும் சொல்லமாட்டேன். நமது செம்பழுப்பு மண் காய்ந்தால் இறுகிவிடும். இறுகிய மண்ணில் கிழங்கு நேரே இறங்காமல் கவர்விட்டுப் போகும். மணற்பாங்கான காணி உள்ளவர்கள் முயலலாம்.

எல்லோரும் ஒரே கிழமையில் வெட்டினால் விலை விழாதா? விழும். விலை கிடைக்காவிட்டால் என்னாகும் என்பதை வன்னி முன்பே கண்டிருக்கிறது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் மிளகாயும் வெங்காயமும் செழித்தன. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, அதே மண்ணில் அதே உழைப்புக்குப் பலன் கிடைக்காமல் போயிற்று. ஆகவே விளைவிப்பது பாதி வேலைதான். இரண்டு கிழமை இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக நடுவது கமக்காரரின் பொறுப்பு. அறுவடை மாதங்களில் ஆஸ்பத்திரிகளுக்கும் பாடசாலை உணவுக்கும் உள்ளூர்க் காயை வாங்கவைப்பது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மிச்சம் நம்முடையது. தை, மாசியில் சந்தைக்குப் போனால் இந்தக் கோவா எந்த ஊர்க் கோவா என்று கேளுங்கள். வன்னிக் காய் இருந்தால் அதையே வாங்குங்கள். சித்திரை வெயிலில் கரட்டைத் தேடாமல் வெண்டியையும் பயித்தங்காயையும் பூசணியையும் சமையுங்கள்.